கையால் தொடாத சர்வர்: மூன்று இயந்திரங்களை டெராஃபார்ம், அன்சிபிள் வைத்துப் பராமரிப்பது எப்படி

எங்கள் பில்லிங் மென்பொருளைப் பழைய சர்வரிலிருந்து புதியதுக்கு மாற்றிய மறுநாள் காலை, ஒரு வாடிக்கையாளர் பிடிஎஃப் பில் ஒன்றை அனுப்பினார். கடைப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் கட்டமாக இருந்தது. ஆங்கிலமும் எண்களும் ஒழுங்காக வந்திருந்தன. தமிழ் மட்டும் இல்லை. பழைய சர்வரில் யாரோ எப்போதோ ஒரு தமிழ் எழுத்துருவைக் கையால் போட்டு வைத்திருக்கிறார்கள், எங்கும் எழுதி வைக்கவில்லை. அந்த 'யாரோ' நான்தான் என்பது பழைய ஷெல் வரலாற்றைத் தோண்டியபோது தெரிந்தது.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். சர்வருக்குள் போய்ப் பார்க்கலாம், படிக்கலாம்; எதையும் மாற்றக் கூடாது. மாற்றம் எல்லாம் கிட் ரெப்போவில் (கோப்புகளை மாற்ற வரலாற்றோடு சேமிக்கும் இடம்) இருக்கும் கோப்பு வழியாகத்தான் போக வேண்டும். இந்த விதியை ஒரு சின்ன அமைப்பில் நடைமுறைக்குக் கொண்டுவரும் வழிதான் கீழே இருப்பது. கருவிகள் இரண்டு: இயந்திரங்களை உருவாக்கும் டெராஃபார்ம், அவற்றுக்குள் இருக்க வேண்டியதை அமைக்கும் அன்சிபிள். அமைப்பு இதுதான்: அமேசான் கிளவுட்டின் மும்பை வட்டாரத்தில் உபுண்டு 24.04 ஓடும் மூன்று இயந்திரங்கள். ஒன்று வெப், ஒன்று போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மூன்றாவது பேக்கப், கிரான் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள்) போன்ற எடுபிடி வேலைகளுக்கு. வேறு கிளவுட் என்றால் பெயர்கள் மாறும், சிக்கல்கள் மாறாது.

படி 1: இருப்பதைக் கணக்கெடுங்கள்

புதியதை உருவாக்கும் முன் பழைய சர்வருக்குள் அரை நாள் உட்காருங்கள். இதை மிச்சம் பிடித்தால் பிற்பாடு இரண்டு இரவுகளாகத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

ஏபிடி-மார்க் கட்டளையிடம் ஷோமேனுவல் என்று கேட்டால், கேட்டு நிறுவிய பேக்கேஜ்களைப் பட்டியலிடும். அவற்றோடு தானாக ஒட்டிக்கொண்டு வந்தவை அதில் இருக்காது. எந்த போர்ட்டில் எந்த நிரல் காத்திருக்கிறது என்பதை எஸ்எஸ் கட்டளை சொல்லும். டெப்சம்ஸ் கருவியை நிறுவினால், ஈடிசி அடைவில் எந்தெந்த கான்ஃபிக் கோப்புகளில் கை வைத்திருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கும். கிரான் பட்டியலை ரூட்டுக்கு மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு பயனருக்கும் தனிப் பட்டியல் உண்டு. எங்களிடம் மாதம் ஒருமுறை மட்டும் ஓடும் ஜிஎஸ்டி அறிக்கை, வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்கில் கிரானாக உட்கார்ந்திருந்தது. அவர் கணக்கை நீக்க மறந்ததால்தான் அறிக்கை வந்துகொண்டிருந்தது.

அப்புறம், பேக்கேஜ் கணக்கில் வராதவை: யூஎஸ்ஆர் லோக்கல், ஆப்ட் அடைவுகளில் கிடப்பவை, எழுத்துருக்கள், கையால் சேர்த்த சான்றிதழ்கள். எல்லாவற்றையும் ஒரு சாதாரண உரைக்கோப்பில் எழுதி, அதையே ரெப்போவின் முதல் கமிட்டாக (பதிவாக) போடுங்கள்.

படி 2: இயந்திரங்களை டெராஃபார்மில் எழுதுங்கள்

வேலைப் பிரிவினை எளிது. நெட்வொர்க், ஃபயர்வால், டிஸ்க், இயந்திரம் ஆகியவற்றை உருவாக்குவது டெராஃபார்ம். உருவான இயந்திரத்துக்குள் என்ன இருக்க வேண்டும் என்பது அன்சிபிளின் பொறுப்பு. ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் கட்டலாம்தான், ஆனால் அப்படிக் கட்டியவர்கள் யாரும் அதைப் பற்றி மகிழ்ச்சியாகப் பேசி நான் கேட்டதில்லை. 2023 ஆகஸ்டில் டெராஃபார்மின் உரிமத்தை ஹாஷிகார்ப் மாற்றியபோது ஓப்பன்டோஃபு தனிக் கிளையாகப் பிரிந்தது. இங்கே சொல்பவை அதற்கும் பொருந்தும். (அன்சிபிளை வைத்திருக்கும் ரெட் ஹேட், ஹாஷிகார்ப் இரண்டையும் ஐபிஎம் வாங்கிவிட்டது. ஆக இரண்டு கருவிகளும் இப்போது ஒரே வீட்டுப் பிள்ளைகள்.)

பிளான் கட்டளை என்ன மாறப்போகிறது என்று காட்டும், அப்ளை அதைச் செய்யும். பிளானின் வெளியீட்டை முழுதாகப் படிக்காமல் அப்ளை கொடுக்காதீர்கள். கூட்டல் குறி என்றால் புதிதாக உருவாகும். அலைக்குறி என்றால் இருக்கிற இடத்திலேயே மாறும். கழித்தலும் கூட்டலும் சேர்ந்து வந்தால் இருப்பதை அழித்துவிட்டு வேறொன்றை உருவாக்கப்போகிறது என்று அர்த்தம். கண் தேட வேண்டியது இந்த மூன்றாவதைத்தான்.

இதில் எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்று உண்டு. இயந்திரம் எந்த இமேஜிலிருந்து (இயங்குதளம் ஏற்கெனவே நிறுவப்பட்ட அச்சு) உருவாக வேண்டும் என்பதற்கு 'கிடைப்பதில் மிகப் புதியது' என்று எழுதுவது வசதியாக இருக்கும். முதல் நாள் எந்தப் பிரச்சினையும் இல்லை. சில வாரங்களில் உபுண்டு புதிய இமேஜ் வெளியிடும். நீங்கள் ஃபயர்வாலில் ஒரு வரி சேர்த்துவிட்டு பிளான் ஓட்டுவீர்கள். இமேஜ் மாறினால் இயந்திரத்தையே மாற்ற வேண்டும் என்பது அமேசானில் விதி. எனவே அந்த ஒரு வரியோடு சேர்த்து டேட்டாபேஸ் இயந்திரத்தையும் அழித்து உருவாக்கும் திட்டம் அடக்கமாக வந்து நிற்கும். படிக்காமல் 'யெஸ்' அடித்தால் முடிந்தது கதை.

இதற்கு மூன்று காப்புகள். இமேஜின் அடையாள எண்ணை நேரடியாக எழுதி நிலைப்படுத்துங்கள். டேட்டாபேஸின் தரவைத் தனி டிஸ்க்கில் வையுங்கள். அந்த டிஸ்க்குக்கு லைஃப்சைக்கிள் பகுதியில் பிரிவென்ட் டிஸ்ட்ராய் போடுங்கள். அதன் பிறகு அழிக்கும் திட்டம் வந்தால் டெராஃபார்மே பிழை சொல்லி நின்றுவிடும்.

ஸ்டேட் கோப்பு பற்றி ஒரு வார்த்தை. டெராஃபார்ம் தான் உருவாக்கியவற்றின் கணக்கை அதில்தான் வைத்திருக்கிறது. டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் போன்றவை அதற்குள் பச்சையாகக் கிடக்கலாம். ஆகவே அது கிட்டுக்குள் போகக் கூடாது. வெர்ஷனிங் போட்ட (பழைய பிரதிகளையும் வைத்திருக்கும்) எஸ்3 பக்கெட்டில், அதாவது அமேசானின் கோப்புச் சேமிப்பில், இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத முடியாதபடி பூட்டோடு இருக்கட்டும்.

டேட்டாபேஸ் இயந்திரத்துக்குப் பொது ஐபி தராதீர்கள். பாதுகாப்பு ஒருபுறம் இருக்க, 2024 பிப்ரவரியிலிருந்து அமேசான் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது மாதம் மூன்றரை டாலருக்கு மேல் வாங்குகிறது. எடுபிடி இயந்திரம் வழியாகத் தாவி எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக லாகின் ஆகும் வழி) செய்துகொள்ளலாம். பேக்கேஜ் அப்டேட்டுக்கும் அதே இயந்திரத்தில் ஓர் ஏபிடி ப்ராக்ஸி வைத்தால் போதும்.

படி 3: கதவுகளைச் சாத்துங்கள்

எட்25519 வகை எஸ்எஸ்ஹெச் கீ ஒன்றை உருவாக்கி, அதற்குக் கடவுச்சொற்றொடரும் வையுங்கள். பாஸ்வேர்ட் லாகினையும் நேரடி ரூட் லாகினையும் நிறுத்துங்கள். இதுவரை எல்லா வழிகாட்டிகளிலும் இருப்பதுதான்.

உபுண்டுவில் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஸ்எஸ்ஹெச்டியின் (எஸ்எஸ்ஹெச் இணைப்புகளை ஏற்கும் நிரல்) பிரதான கான்ஃபிக் கோப்பு, தன் முதல் வரிகளிலேயே துணை அடைவில் இருக்கும் சிறு கோப்புகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஓர் அமைப்புக்கு முதலில் கிடைக்கும் மதிப்புதான் செல்லும். பின்னால் வருவது கணக்கில் வராது. கிளவுட் இமேஜ்கள் பலவற்றில் அந்தத் துணை அடைவில் 50 என்று தொடங்கும் ஒரு கிளவுட்-இனிட் கோப்பு, பாஸ்வேர்ட் லாகினைப் பற்றித் தனக்கென்று ஒரு முடிவோடு இருக்கும். அது 'யெஸ்' என்று சொன்னால், பிரதான கோப்பில் நீங்கள் எழுதிய 'நோ' எடுபடாது. கதவைச் சாத்தியதாக நினைத்துக்கொண்டு திறந்துபோட்டுத் தூங்குவீர்கள். உங்கள் அமைப்பை 10 என்று தொடங்கும் தனிக் கோப்பாக அதே அடைவில் வையுங்கள். பிறகு எஸ்எஸ்ஹெச்டியை பெரிய டி சுவிட்சோடு ஓட்டினால் உண்மையில் எது நடைமுறையில் இருக்கிறது என்று காட்டும். அதை மட்டும் நம்புங்கள்.

சேவையை ரீஸ்டார்ட் செய்யும்போது இன்னொரு ஜன்னலில் லாகின் ஆகியே இருங்கள். மூன்றாவது ஜன்னலில் புதிதாக லாகின் ஆகிப் பார்த்த பிறகுதான் பழையதை மூடலாம்.

இயந்திரத்துக்குள் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் வைத்திருப்பவர்கள் டாக்கரும் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ஓட்டினால் கவனம். டாக்கர் வெளியிடும் போர்ட்டுகளுக்கான விதிகளை அது தானே எழுதிக்கொள்கிறது. யூஎஃப்டபிள்யூ மூடியிருக்கிறது என்று சொன்னாலும் போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட் வெளியே தெரியும். போர்ட்டை 127.0.0.1 முகவரியோடு (அந்த இயந்திரத்துக்கு உள்ளே மட்டும்) கட்டுங்கள். கிளவுட்டின் செக்யூரிட்டி குரூப்பில் தேவையானதை மட்டும் திறப்பது இதற்கெல்லாம் முந்தைய அரண்.

படி 4: உள்வேலைகளை அன்சிபிளிடம் கொடுங்கள்

2012இல் மைக்கேல் டீஹான் தொடங்கிய அன்சிபிளின் பெரிய வசதி, சர்வரில் தனியாக எதையும் நிறுவ வேண்டாம் என்பது. எஸ்எஸ்ஹெச்சும் பைத்தானும் இருந்தால் போதும். உங்கள் மடிக்கணினியிலிருந்தோ எடுபிடி இயந்திரத்திலிருந்தோ ஓட்டலாம். மூன்று இயந்திரங்களையும் இன்வென்டரி கோப்பில் குழு பிரித்து எழுதுங்கள். முதலில் பிங் மாட்யூலை ஓட்டிப் பாருங்கள். இது நெட்வொர்க் பிங் அல்ல. லாகின் ஆகிறதா, பைத்தான் கிடைக்கிறதா என்று பார்ப்பது.

பிளேபுக் (அன்சிபிளுக்குத் தரும் வேலைப் பட்டியல்) எழுதும்போது மனதில் வைக்க வேண்டியது: 'இதைச் செய்' என்று எழுதாதீர்கள், 'இப்படி இருக்க வேண்டும்' என்று எழுதுங்கள். என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் நிறுவப்பட்டிருக்க வேண்டும், இந்தக் கோப்பு இந்த உள்ளடக்கத்தோடு இருக்க வேண்டும், இந்தச் சேவை ஓட வேண்டும். அப்படி எழுதினால் பத்து முறை ஓட்டினாலும் முதல் முறைதான் ஏதாவது மாறும். இரண்டாவது ஓட்டத்தின் கடைசி வரியில் மாறியவை 0 என்று வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ ஷெல் மாட்யூலை வைத்து ஒப்பேற்றியிருக்கிறீர்கள்.

மூன்று இடங்களில் கை சுடும்.

முதலாவது, கோப்பு அனுமதி. பிளேபுக் எழுதும் யாமல் வடிவத்தில் மோட் 644 என்று மேற்கோள்குறி இல்லாமல், முன்னால் சுழியமும் இல்லாமல் எழுதினால், அது பத்தடிமான எண்ணாகப் போய்ச் சேரும். 644ஐ எண்மமாக (எட்டடிமான எண்ணாக) மாற்றினால் 1204. கோப்பின் உரிமையாளராலேயே படிக்க முடியாத, ஆனால் ஊரில் உள்ள மற்றவர்கள் படிக்கக்கூடிய ஒரு விநோதக் கோப்பு கிடைக்கும். 0644 என்று எழுதி மேற்கோள்குறிக்குள் போடுங்கள்.

இரண்டாவது, ஹேண்ட்லர். கான்ஃபிக் மாறினால் மட்டும் என்ஜின்எக்ஸை ரீலோட் செய் என்று ஹேண்ட்லர் எழுதுவோம். ஹேண்ட்லர்கள் பிளேயின் (பிளேபுக்கின் ஒரு பகுதி) கடைசியில்தான் ஓடும். கான்ஃபிக்கை மாற்றிய பிறகு, வேறொரு வேலையில் பிழை வந்து பிளே நின்றால், ரீலோட் நடக்காது. பிழையைச் சரிசெய்து மறுபடி ஓட்டும்போது கோப்பு ஏற்கெனவே சரியாக இருப்பதால் 'மாற்றம் இல்லை' என்று சொல்லும். ஹேண்ட்லரை யாரும் கூப்பிட மாட்டார்கள். டிஸ்க்கில் புதிய கான்ஃபிக், நினைவகத்தில் பழையது. இது எங்களுக்கு ஒருநாள் முழுக்க மண்டையைக் குடைந்தது. ஃபோர்ஸ்-ஹேண்ட்லர்ஸ் சுவிட்சைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, வீச்சு. 2017 பிப்ரவரி 28 அன்று அமேசானின் எஸ்3 சேவை வட வர்ஜீனியா வட்டாரத்தில் பல மணி நேரம் விழுந்தது. வழக்கமான செயல்முறைக் குறிப்பின்படி சில சர்வர்களை நீக்க ஒருவர் கட்டளை கொடுத்தார். அதில் ஓர் உள்ளீடு தவறாகிப் போனதால் நினைத்ததைவிட மிக அதிகமான சர்வர்கள் நீங்கிவிட்டன. பிறகு அமேசான் அந்தக் கருவியையே மெதுவாக நீக்கும்படியும், ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே போக விடாதபடியும் மாற்றியது. ஆட்டோமேஷன் தவறையும் அதே வேகத்தில் செய்யும். எனவே முதலில் செக், டிஃப் சுவிட்சுகளோடு ஒத்திகை, பிறகு லிமிட் போட்டு ஓர் இயந்திரத்தில், பிறகுதான் எல்லாவற்றிலும். பிளேயில் சீரியல் 1 என்று வைத்தால் ஒன்று முடிந்துதான் அடுத்ததைத் தொடும்.

பாஸ்வேர்டுகளை அன்சிபிள் வால்ட்டில் பூட்டி ரெப்போவில் வைக்கலாம். ரகசியம் கடந்து போகும் டாஸ்க்குகளில் நோ-லாக் போடுங்கள், இல்லையென்றால் டிஃப் அதைத் திரையில் விரித்துக் காட்டிவிடும். தவறிப்போய் ஏதாவது பாஸ்வேர்ட் திறந்த நிலையில் கமிட் ஆகி வெளியே போய்விட்டால், அடுத்த கமிட்டில் நீக்கிப் பயனில்லை, வரலாற்றில் இருக்கும். பாஸ்வேர்டை மாற்றுவது ஒன்றுதான் வழி.

படி 5: அப்டேட்

பாதுகாப்பு அப்டேட்டுகளை அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் தானாகப் போட்டுவிடும். ஆனால் புதிய கெர்னல் டிஸ்க்கில் வந்து உட்கார்ந்தால் போதாது, ரீபூட் ஆக வேண்டும். ரீபூட் தேவை என்றால் ரன் அடைவில் அதற்கென்று ஒரு கோப்பு தோன்றும். அந்தக் கோப்பு இருந்தால் மட்டும் ரீபூட் செய்யும் சிறிய பிளேபுக்கை ஞாயிறு அதிகாலை ஓட்டுகிறோம், ஒரு நேரத்தில் ஒன்று.

படி 6: கிரானும் பேக்கப்பும்

இங்கே நிதானமாகப் போக வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் வரும் தவறுகள் சத்தம் போடாது.

கிளவுட் இயந்திரங்கள் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது) நேரத்தில் ஓடும். நள்ளிரவு 12 என்று கிரானில் எழுதினால் நம் ஊரில் காலை 5:30. இரவு 2 மணிக்கு ஓட வேண்டும் என்றால் 20:30 என்று எழுத வேண்டும், அதுவும் முந்தைய நாள் கணக்கில். மாதத்தின் முதல் தேதி என்று எழுதும்போது இந்த 'முந்தைய நாள்' வந்து காலை வாரும். சர்வரை யூடிசியிலேயே விட்டுவிட்டு, சிஸ்டம்டி டைமரில் நேரத்தோடு ஆசியா கொல்கத்தா என்று வட்டாரப் பெயரையும் சேர்த்து எழுதுவது என் வழக்கம். டைமரில் பெர்சிஸ்டென்ட் என்று வைத்தால், ரீபூட்டில் தவறிய வேலையை எழுந்ததும் செய்துவிடும். கிரானிலேயே இருக்க விரும்பினால் சதவீதக் குறியை நினைவில் வையுங்கள்: கிரான் வரியில் அதற்குப் புதுவரி என்று பொருள். தேதியைக் கோப்புப் பெயரில் சேர்க்கும் கட்டளை டெர்மினலில் அருமையாக ஓடி, கிரானில் பாதியில் வெட்டுப்படுவது இதனால்தான். முன்னால் பின்சாய்வு போடுங்கள், அல்லது எல்லாவற்றையும் ஸ்கிரிப்ட்டுக்குள் வையுங்கள்.

பேக்கப்புக்கு வருவோம். எடுபிடி இயந்திரத்திலிருந்து பிஜி-டம்ப் (போஸ்ட்கிரெஸ் தரவின் பிரதி) எடுத்து, ஜிஜிப்பில் சுருக்கி, எஸ்3க்கு அனுப்புகிறோம். எங்களுடைய முதல் ஸ்கிரிப்ட்டும் இதைத்தான் செய்தது. தினமும் கோப்பு வந்தது. ஸ்கிரிப்ட் வெற்றி என்றது. ஒருநாள் வேறு எதற்கோ பக்கெட்டைப் பார்த்தபோது கடைசி ஒன்பது நாள் கோப்புகளும் தலா 20 பைட் இருந்தன. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருந்தோம், டம்ப் தோற்றுக்கொண்டிருந்தது. ஆனால் கட்டளைகளை ஒன்றோடொன்று கோக்கும் பைப்பில் கடைசியாக இருப்பது ஜிஜிப். ஒன்றுமில்லாததையும் அது வெற்றிகரமாகச் சுருக்கும். அப்படிச் சுருக்கினால் வருவது 20 பைட். ஷெல் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான் பார்க்கிறது. ஸ்கிரிப்ட்டின் தலையில் பைப்ஃபெயில் போட்டால் இது சரியாகும். அதோடு நில்லாமல், நேற்றைய கோப்பைவிடப் பாதிக்கும் குறைவாக இருந்தால் தோல்வி என்று ஒரு சோதனையும் சேர்த்தோம்.

இது சின்னக் கடைகளின் வியாதி மட்டும் அல்ல. 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் இரண்டாம் நிலை சர்வர் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் அடைவை அழித்தார். சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மீதி இருக்கும்போது நிறுத்தினார். பேக்கப்புக்குப் போனால் எஸ்3 பக்கெட் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6இல் ஓட, பேக்கப் வேலை 9.2இன் பிஜி-டம்ப்பை எடுத்து ஓட்டித் தினமும் தோற்றிருக்கிறது. தோல்வியைச் சொல்ல வந்த மின்னஞ்சல்கள் கையொப்பச் சிக்கலால் நிராகரிக்கப்பட்டன. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். சர்வர் வேலைக்கு வரும் புதியவர்களிடம் முதலில் அதைத்தான் படிக்கச் சொல்கிறேன்.

பேக்கப் அனுப்பும் இயந்திரத்துக்கு எஸ்3இல் எழுத மட்டும் அனுமதி போதும், அழிக்க வேண்டாம். சர்வருக்குள் ஒருவன் நுழைந்துவிட்டால் முதலில் பேக்கப்பைத்தான் தேடுவான். பழையவற்றைக் கழிப்பதை பக்கெட்டின் லைஃப்சைக்கிள் விதி பார்த்துக்கொள்ளட்டும்.

படி 7: கண்காணிப்பு

தோற்றால் தகவல் சொல் என்று அமைப்பது போதாது. கிட்லேப்பில் பார்த்தபடி தகவலே தொலைந்து போகலாம். தலைகீழாக அமையுங்கள். வேலை வெற்றியாக முடிந்ததும் வெளியே இருக்கும் ஒரு சேவையைக் கூப்பிட வேண்டும். 26 மணி நேரத்தில் கூப்பிடவில்லை என்றால் அந்தச் சேவை உங்கள் போனை அடிக்கட்டும். மௌனம்தான் எச்சரிக்கை.

வெப்தளச் சான்றிதழ் காலாவதியையும் வெளியிலிருந்தே பாருங்கள். 2025 ஜூனில், இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நினைவூட்டும் மின்னஞ்சல்களை நிறுத்திவிட்டது. 2029 மார்ச்சில் புதிதாகத் தரப்படும் பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 47 நாளாகக் குறையப்போகிறது; கையால் புதுப்பிக்கும் பழக்கம் அதற்குத் தாங்காது. தானாகப் புதுப்பிக்கும் செர்ட்பாட் கருவி சான்றிதழ்க் கோப்பைப் புதுப்பித்தாலும் என்ஜின்எக்ஸ் ரீலோட் ஆகும்வரை பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும், டிப்ளாய்-ஹூக்கில் ரீலோட் எழுதுங்கள்.

டிஸ்க்குக்கு 80 சதவீதத்தில் எச்சரிக்கை வையுங்கள். நிரம்பிய டிஸ்க்கில் பெரிய லாக் கோப்பை நீக்கியும் இடம் திரும்பாவிட்டால் பதற வேண்டாம். அந்தக் கோப்பை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் யாரென்று சொல்லும். அந்தச் சேவையை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வரும். அடுத்த முறை கோப்பை நீக்காமல் ட்ரன்கேட் கட்டளையால் காலி செய்யுங்கள்.

படி 8: அழித்துக் கட்டிப் பாருங்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தனிக் கணக்கில், ரெப்போவையும் நேற்றைய பேக்கப்பையும் மட்டும் வைத்து எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுப்பிப் பாருங்கள். பழைய சர்வரை எட்டிப் பார்க்கக் கூடாது. கடிகாரத்தை ஓட விடுங்கள்.

எங்கள் முதல் ஒத்திகை நாலே முக்கால் மணி நேரம் எடுத்தது. வால்ட்டைத் திறக்கும் கடவுச்சொல், எழுப்ப வேண்டிய அதே சர்வரில்தான் இருந்தது என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் போயிற்று. அதை அச்சடித்து உறையில் போட்டு அலுவலக பீரோவில் வைத்திருக்கிறோம். இரண்டாவது ஒத்திகையில் எஸ்எம்எஸ் சேவை ஐபி முகவரியைச் சரிபார்க்கும் என்பது தெரிந்தது. போன மாதம் செய்தபோது 38 நிமிடம். எழுந்ததும் முதல் வேலையாக ஒரு பில்லை அச்சிட்டுப் பார்ப்பது ஒத்திகைப் பட்டியலின் கடைசி வரி. கடைப் பெயர் தமிழில் வந்தது.